நீல டிரம்மும் ரோஜா வேரும்

சூளகிரி
28-11-2024

திரு. கௌஸ் பாஷா அவர்களுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. ஃபோனில் பேசினால் நாளைக்கே "நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க" என்பீர்கள். அதனால்தான் உங்கள் நம்பரை ப்ளாக் செய்துவிட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். இனி எதுவாக இருந்தாலும் எழுத்தில்தான்.

செப்டம்பரில் குருபரப்பள்ளியில் உங்கள் பழைய சாமான் யார்டுக்கு வந்து ஐந்து நீல டிரம் வாங்கினேன். ரோஜாவுக்கு உரம் கரைத்துச் சொட்டுநீரில் விடுவதற்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். "பிஸ்கட் கம்பெனிக்கு குளுக்கோஸ் பாகு வந்த டிரம்முங்க, வழிச்சு நாக்குல வெச்சுக்கூடப் பாக்கலாம்" என்றீர்கள். நம்பினேன். அக்டோபர் கடைசியில் பிளாஸ்டிக் கூரை போட்ட என் மூன்று பாலிஹவுஸிலும் கொழுந்து மஞ்சளடிக்க ஆரம்பித்தது. நரம்பு மட்டும் பச்சை, நடுவிலெல்லாம் எலுமிச்சை நிறம். கீழே உள்ள பழைய இலை நன்றாகத்தான் இருக்கிறது. புதிதாக வருவதுதான் சோகை பிடித்து வருகிறது.

அது இரும்புச்சத்துக் குறைவு. பதினோரு வருடமாக ரோஜா வளர்ப்பவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். இரும்பு பழைய இலையிலிருந்து கிளம்பிப் புது இலைக்குப் போகாது, போன இடத்திலேயே உட்கார்ந்துவிடும். கொழுந்துக்கு வேண்டியதை வேர் அன்றன்றைக்கு எடுத்துத்தான் ஆகவேண்டும். சரியென்று இரும்பு உரத்தை இரண்டு மடங்கு விட்டேன். பிறகு மூன்று மடங்கு. மஞ்சள் கூடியதே தவிரக் குறையவில்லை. இலையைப் பறித்து ஓசூரில் ஓர் ஆய்வகத்தில் கொடுத்தேன். துத்தநாகம், அதாவது நீங்கள் ஜிங்க் என்பீர்களே அது, இருக்கவேண்டியதைப் போல ஆறு மடங்கு இருக்கிறதாம்.

உங்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். வேர் கண்டதையெல்லாம் உறிஞ்சும் குழாய் இல்லை. உரம் தண்ணீரில் கரைந்தால் அயனி அயனியாகப் பிரிந்து நிற்கும். வேர்த்தூவியின் தோலில் அவற்றுக்கென்று வாசல்கள் இருக்கின்றன. இரும்பு நுழைகிற வாசலில்தான் துத்தநாகமும் நுழையும். துத்தநாகம் கூட்டமாக வந்து அடைத்துக்கொண்டால் இரும்புக்கு வழி கிடைக்காது. வெளியே எத்தனை மூட்டை இரும்பு கொட்டினாலும் செடி பட்டினிதான்.

அந்தத் துத்தநாகம் எங்கிருந்து வந்தது? உங்கள் யார்டின் பின்பக்கம் துத்தநாக முலாம் பூசும் பட்டறைகளின் டிரம்கள் குவிந்து கிடப்பதை என் கண்ணால் பார்த்தேன். அதுவும் நீலம், இதுவும் நீலம். ஒன்றைக் கழுவி என் தலையில் கட்டிவிட்டீர்கள்.

நம் பக்கத்து மலர் விவசாயிகளின் வாட்ஸப் குழுவில் இதைப் போட்டுவிட்டேன். உங்கள் பெயரோடு, யார்டு படத்தோடு. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், தெரிந்துகொள்ளட்டும். டிரம்முக்குள் முன்பு என்ன இருந்தது என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். டிசம்பர் முதல் வாரம் கிளையை வெட்டிக் கவாத்து செய்தால்தான் காதலர் தினத்துக்குப் பூ வரும். வருடத்தில் நான் காசு பார்க்கிற அறுவடை அது ஒன்றுதான்.

முனிலட்சுமி


குருபரப்பள்ளி
5-12-2024

முனிலட்சுமி அம்மாவுக்கு கௌஸ் பாஷா எழுதுவது.

போன மாதம் வரைக்கும் 'பாய்'. இப்போது 'திரு'. படித்ததும் வேறு யாருக்கோ வந்த கடிதமோ என்று கவரைத் திருப்பிப் பார்த்தேன். நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இனிமேல் அது வாயில் வராது.

நான் எட்டாவது வரை படித்தவன். கடிதம் எழுதிப் பழக்கமில்லை. என் மகள் ருக்ஸார், "நான் டைப் பண்ணித் தரேன் அத்தா" என்றாள். வேண்டாம், திட்டு வாங்கியது நான், பதிலும் என் கையாலேயே போகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டது இது. ஐந்து டிரம்மிலும் வந்தது குளுக்கோஸ் பாகு. கம்பெனி கேட் பாஸின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். பட்டறை டிரம் என் யார்டில் இருக்கிறது, அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. அது தனி அடுக்கு. வந்த அன்றைக்கே மூடியைக் கழற்றி நாலாக அறுத்துவிடுவோம், பிளாஸ்டிக் அரைக்கும் மில்லுக்குத்தான் போகும். இருபது வருஷத்தில் முழு டிரம்மாக ஒன்றுகூட வெளியே போனதில்லை. பாகு டிரம் எது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம், எறும்பு ஏறியிருக்கும். பட்டறை டிரம் பக்கம் எறும்பு எட்டிப் பார்க்காது.

உங்கள் குழுவில் நான் இல்லை. ஆனாலும் அந்தப் படத்தை ஒன்பது பேர் எனக்கு அனுப்பினார்கள். என் போர்டு, அதன் கீழே 'இங்கே விஷம் விற்கப்படும்'. பேரிகையிலிருந்து ஒருவர் போன வருஷம் வாங்கின டிரம்மைக் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே உருட்டிவிட்டுப் போனார். உள்ளேகூட வரவில்லை. ஜும்மாவுக்குப் போனால், "என்ன பாஷா, பூச்செடியெல்லாம் சாவடிச்சிட்டியாமே" என்று சிரிக்கிறார்கள். பழைய சாமான் வியாபாரத்தில் கேரண்டி கார்டு கிடையாது. இந்த ஆள் சொன்னால் சரியாக இருக்கும் என்கிற பேச்சுத்தான் சரக்கு. அதை நீங்கள் ஒரு காலை நேரத்தில் டீ குடித்துக்கொண்டே அழித்துவிட்டீர்கள்.

சிங்காரப்பேட்டை எல்லப்பன் இதே லோடில் ஆறு டிரம் எடுத்தார். தக்காளிக்கு அதில்தான் உரம் கரைக்கிறார். அவர் செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. குழுவில் போட்டதை அதே குழுவில் தப்பு என்று போடுங்கள். வேறு எதுவும் உங்களிடம் கேட்கவில்லை.

கௌஸ் பாஷா


சூளகிரி
16-12-2024

கௌஸ் பாஷாவுக்கு,

'திரு' உறுத்துகிறது என்றீர்கள், எடுத்துவிட்டேன். அக்கா என்று நீங்கள் கூப்பிடாததால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

எல்லப்பன் கதையை என்னிடம் சொல்லாதீர்கள். அவர் மண்ணில் விவசாயம் செய்கிறார். மண்ணில் உள்ள களிமண் துத்தநாக அயனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேர் வரைக்கும் விடாது. என் செடிகள் தேங்காய் நார்த்தூளில் நிற்கின்றன. வடிகிற தண்ணீரையும் வீணாக்காமல் பிடித்துத் திரும்ப விடுகிறேன். கெட்டது ஒரு பங்கு உள்ளே வந்தாலும் சுற்றிச் சுற்றிச் சேர்ந்துகொண்டே இருக்கும். எறும்பைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு வேறு யாரிடமாவது பேசுங்கள்.

உங்கள் டிரம்களை நவம்பர் கடைசியிலேயே தூக்கி வெளியே போட்டாயிற்று. புதுத் தொட்டி வாங்கிவிட்டேன். ஆனால் நார்த்தூளில் ஏறிய நஞ்சு இன்னும் இறங்கவில்லை. ஆறாம் தேதி கவாத்து செய்தேன். இப்போது வருகிற தளிர் மஞ்சள்கூட இல்லை, வெள்ளைக் காகிதம். என்னிடம் வேலை செய்யும் செல்லி ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினாள். வேர் நுனி கருகிக் கட்டையாக நிற்கிறது, தூவி ஒன்றுகூட இல்லை. வேர் சும்மா உட்கார்ந்துகொண்டு சத்தை எடுப்பதில்லை. மூச்சு விட்டு, சக்தி செலவழித்து, ஒவ்வொரு அயனியாக இழுத்து உள்ளே போடவேண்டும். அந்த வேலையைச் செய்கிற நுனியே போய்விட்டது. "இது பூ வெக்கிற தளிரு இல்லீங்கக்கா, சாவப் போற தளிரு" என்று சொல்லிவிட்டு அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தண்ணீர்மேல் பழி போடலாம் என்று உங்களுக்கு யோசனை வரலாம். அதற்கும் இப்போதே பதில் எழுதிவிடுகிறேன். ஆகஸ்டில்தான் மூன்று பாலிஹவுஸின் கூரை ஓரத்திலும் மழைத்தண்ணீர் பிடிக்கப் புது கட்டர், அதாவது தகட்டு வாய்க்கால், போட்டேன். ஓசூர் பட்டறையில் நானே அளவு கொடுத்து, நல்ல கனமான ஜி.ஐ. தகட்டில் வளைத்து வாங்கியது. கூரையில் விழுகிற மழை ஒரு சொட்டு வீணாகாமல் குளத்துக்குப் போகிறது. போர் தண்ணீர் உப்பு என்று அதை நிறுத்தியே இரண்டு மாதம் ஆகிறது. என் செடி குடிப்பது முழுக்க மழைத்தண்ணீர். இதைவிடச் சுத்தமானது இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரிடமும் இல்லை.

குழுவில் போட்டதை எடுக்க மாட்டேன்.

முனிலட்சுமி


குருபரப்பள்ளி
3-1-2025

அம்மாவுக்கு,

உங்கள் செடியை எது கொல்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ரிப்போர்ட் கையில் இருக்கிறது. நீங்கள் இலை கொடுத்த அதே ஆய்வகத்தில், விசாரித்துப் போய் வாங்கினது. அதனால் போலி என்று சொல்ல முடியாது.

அங்கே ஜெயப்ரியா என்று ஒரு பெண் வேலை செய்கிறார். அதே லோடில் மிச்சமிருந்த டிரம் ஒன்றில் பத்து நாள் தண்ணீர் ஊற்றி வைத்துக் கொண்டுபோனேன். ஜிங்க் இல்லை என்று சொல்லிவிட்டார். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் நீங்கள் "உங்களுக்குப் புரிகிற மாதிரி" என்று எழுதினீர்களே, அது நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. உட்கார்ந்து, "வேரு எப்படிம்மா தண்ணி குடிக்குது, எனக்கு முழுசாச் சொல்லு" என்று கேட்டேன். ஒரு மணி நேரம் படம் போட்டுச் சொன்னார்.

நீங்கள் எழுதினது பாதிதான். வெளியிலிருந்து வருகிற தண்ணீரில் கொஞ்சம் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இடுக்கு வழியாகவும் நழுவி உள்ளே வருமாம். ஆனால் அது கடைசி வரை போகாதாம். செடிக்கு மேலே தண்ணீர் ஏறுகிற நடுக்குழாய் இருக்கிறதே, அதைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. அதில் இடுக்கையெல்லாம் மெழுகு மாதிரி ஏதோ அடைத்து வைத்திருக்கிறது. அங்கே வந்ததும் எந்த அயனியாக இருந்தாலும் ஒரு செல்லின் உள்ளே புகுந்து, யார் என்ன என்று பார்த்த பிறகுதான் நடுக்குழாய்க்குள் போய் இலைக்கு ஏறமுடியும். கண்ணில்லாத வேர்கூட இவ்வளவு விசாரிக்கிறது. நீங்கள் குழுவில் போடுவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டிரம்மை எறிந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியும் மஞ்சள் போகவில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா?

காரணத்தை இப்போது சொல்ல மாட்டேன். முதலில் குழுவில் போடுங்கள். "கௌஸ் பாஷா டிரம்மில் குற்றமில்லை, நான் சொன்னது பொய்" என்று என் பெயரோடு, அதே யார்டு படத்தோடு. அது என் கண்ணுக்கு வந்த அன்றைக்கே ரிப்போர்ட் உங்கள் வீட்டுக்கு வரும்.

கௌஸ் பாஷா


சூளகிரி
8-1-2025

கௌஸ் பாஷா,

காரணம் தெரியும், சொல்ல மாட்டேன் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? தெரியாமல் விஷம் விற்ற ஆள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். தெரிந்தே வேடிக்கை பார்க்கிற ஆள் என்று இப்போது தெரிகிறது.

நான் நம்பாததை நம்புகிறேன் என்று நாலு பேர் முன்னால் எழுத என்னால் முடியாது. உங்களிடம் ரிப்போர்ட் இருக்கிறது என்பதே எனக்குச் சந்தேகம். இருந்தால் அனுப்பியிருப்பீர்கள். முதல் பாலிஹவுஸில் தண்டு கருத்து வருகிறது. மிச்சம் இரண்டையாவது காப்பாற்ற முடியுமா என்று நாள் முழுக்க நானும் செல்லியும் உள்ளேதான் கிடக்கிறோம். உங்களோடு பேரம் பேச எனக்கு நேரமில்லை. இனிமேல் எழுதாதீர்கள்.

முனிலட்சுமி


குருபரப்பள்ளி
17-1-2025

அம்மாவுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். கட்டாயம் படியுங்கள், கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

உங்கள் கட்டர்தான்.

ஜி.ஐ. தகடு என்றால் இரும்புத் தகட்டின் மேல் ஜிங்க் பூசினது. அந்தப் பூச்சு வேலையைச் செய்த பட்டறை டிரம்மைத்தான் என் யார்டில் பார்த்துவிட்டு நீங்கள் கத்தினீர்கள். பழைய தகடு வாங்கி விற்கிற எங்களுக்கு இது தெரிந்த சமாச்சாரம். மழையில் நனைந்த தகட்டில், தண்ணீர் தேங்குகிற இடத்தில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். அதைத் தட்டிவிட்டுத்தான் எடை போடுவோம். அந்தப் பொடி ஜிங்க். மழைத்தண்ணீரில் லேசாகப் புளிப்பு உண்டாம், பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொண்டு வருமாம். போர் தண்ணீர் அந்தத் தகட்டைத் தொடுவதே இல்லை. அக்டோபரில் மழை பிடித்தது, அக்டோபரில் மஞ்சள் வந்தது. நீங்கள் என்னிடம் டிரம் வாங்கினதும் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான், அதனால் பழி என் தலையில் விழுந்தது.

உங்கள் இரண்டாவது கடிதத்தில் கட்டர் என்று படித்ததுமே எனக்குச் சந்தேகம். டிசம்பர் மழையில் என் யார்டில் புதுத் தகடு ஒன்றைச் சாய்த்து வைத்து, அதில் வழிந்த தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தேன். இரண்டு ரிப்போர்ட்டையும் இதோடு வைத்திருக்கிறேன். டிரம் தண்ணீர் ஒன்று, தகட்டுத் தண்ணீர் ஒன்று. குளத்துத் தண்ணீரை இன்றைக்கே நிறுத்துங்கள். போர் தண்ணீரை விட்டு நார்த்தூளை நன்றாக அலசவேண்டும், வடிகிற தண்ணீரைத் திரும்ப விடக்கூடாது, தகட்டுக்கு உள்பக்கம் எபாக்ஸி பெயிண்ட் அடிக்கவேண்டும் என்று ஜெயப்ரியா சொன்னார்.

குழுவில் நீங்கள் எதுவும் போடவில்லை. பின்னே ஏன் எழுதுகிறேன் என்றால், போகிக்கு முந்தின நாள் லோடு இறக்க உங்கள் ஊர்ப் பக்கம் வந்தேன். ரோட்டோரம் பிடுங்கின ரோஜாச் செடியை ஆள் உயரத்துக்குக் குவித்திருந்தார்கள். ஒன்றை எடுத்து வேரைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து என் மனைவி ஃபகருன்னிசாவிடம் சொன்னேன். "அந்தம்மா உங்களைப் பேசுனாங்க, செடி என்னங்க பண்ணுச்சு?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான்கு நாள் ஓட்டினேன், அதற்கு மேல் முடியவில்லை.

இதனால் உங்கள் மேல் உள்ள கோபம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கௌஸ் பாஷா


சூளகிரி
30-1-2025

கௌஸ் பாஷா பாய்க்கு,

குளத்துத் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன். நீங்கள் எழுதினது சரி. கட்டரில் ஏறிக் கையால் தடவினேன், நடுவில் தொய்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி. பதினோரு வருடம் வேரையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவள், தலைக்கு மேலே நானே மாட்டினதைப் பார்க்கவில்லை. போர் தண்ணீரில் கொஞ்சம் அமிலம் கலந்து, அதைப் பாய்ச்சி நார்த்தூளை ஐந்து நாள் அலசினோம். பத்தாம் நாள் இரண்டாவது, மூன்றாவது பாலிஹவுஸில் பச்சைக் கொழுந்து வந்துவிட்டது. வெள்ளை வேரும் விடுகிறது. காதலர் தினத்துக்குப் பூ வராது, அது போனது போனதுதான். ஆனால் செடி பிழைத்துவிடும். முதல் பாலிஹவுஸ் முழுக்கப் போய்விட்டது. நீங்கள் ரோட்டோரம் பார்த்த குவியல் அதுதான்.

மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன், பேனா நகரவில்லை. தப்பு என்று எழுத வருகிறது. நான் செய்தது தப்பு. விசாரிக்காமல் உங்கள் பெயரைக் கெடுத்தேன்.

இப்போது இன்னொன்று. தகட்டுத் தண்ணீர் ரிப்போர்ட்டில் தேதி போட்டிருக்கிறது. 26-12-2024. நீங்கள் எனக்குச் சொன்னது ஜனவரி 17. இருபத்திரண்டு நாள். டிசம்பர் 26 அன்று முதல் பாலிஹவுஸில் தண்டு பச்சையாகத்தான் இருந்தது. செல்லியைக் கேட்டேன், அவளும் அதைத்தான் சொன்னாள். அன்றைக்கே தண்ணீரை மாற்றியிருந்தால் மூன்றும் பிழைத்திருக்கும். அந்தச் செடிகளைக் கொன்றது பாதி நான், பாதி நீங்கள்.

குழுவில் போடுவதற்கு எழுதி வைத்திருக்கிறேன். இதுதான்: "குருபரப்பள்ளி கௌஸ் பாஷா விற்ற டிரம்மில் விஷம் என்று நான் போட்டது தவறு. துத்தநாகம் வந்தது என் சொந்த ஜி.ஐ. கட்டரிலிருந்து. டிரம்மில் எந்தக் குற்றமும் இல்லை. காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அவர்தான். அவரிடம் வாங்கப் பயப்படவேண்டாம். முனிலட்சுமி." உங்கள் யார்டு படத்தையும் சேர்த்துப் போடுகிறேன். வார்த்தை சரியாக இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள், பதில் வந்ததும் போடுகிறேன்.

இருபத்திரண்டு நாளைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை. எழுதப் போவதும் இல்லை. ஊருக்கு நல்லவராகவே இருங்கள். எனக்குத் தெரியும் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

முனிலட்சுமி


குருபரப்பள்ளி
3-2-2025

அம்மாவுக்கு,

எழுதினதைப் படித்தேன். ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. 'கண்டுபிடித்துச் சொன்னதும் அவர்தான்' என்பதற்குப் பக்கத்தில் இதைச் சேருங்கள்: "காரணம் அவருக்கு டிசம்பர் 26-ஆம் தேதியே தெரியும். தெரிந்தும் இருபத்திரண்டு நாள் சொல்லாமல் வைத்திருந்தார். அதில் ஒரு பாலிஹவுஸ் செத்துப்போனது."

ஃபகருன்னிசா, "எதுக்குங்க இது, அந்தம்மாவே விட்டுட்டாங்களே" என்கிறாள். அவர்கள் விடவில்லை, அந்த இருபத்திரண்டு நாளைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். நீங்கள் மறைத்துக் கொடுக்கிற நல்ல பேரில் நான் வியாபாரம் செய்தால், உங்கள் ஊர்ப் பக்கம் வண்டி வரும்போதெல்லாம் குனிந்துகொண்டு வரவேண்டும். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. இனிமேல் அதைப் பழக முடியாது.

அந்த இருபத்திரண்டு நாளில், ரோட்டோரக் குவியலைப் பார்க்கிற வரைக்கும் நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதுதான் இப்போது என்னை அரிக்கிறது. உங்கள் வார்த்தை என்னை அப்படி ஆக்கிவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் உண்மை இருக்கிறது, முழுக்க இல்லை.

வியாபாரம் வருமா வராதா தெரியாது. இரண்டையும் ஒரே மெசேஜில் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் ஆளாளுக்கு வேண்டியதை மட்டும் எடுத்து அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

கௌஸ் பாஷா